ஐந்து மில்லிமீட்டர்

செச்சோவ்லே உப்புப் பாத்திகளுக்கு நடுவே
வளைவே இல்லாத ஒரு சாலை.
போலீஸ் வராது. கொக்குகள் நிற்கும்.
அங்கேதான் தம்பி சிரில் ஓட்டுகிறான்,
நான் வாளோடு காத்திருக்கிறேன்.
இரும்பு அறுக்கிற வாள்தான்.

ஐம்பது சிசி. சிலிண்டர் என் கைப்பிடிக்குள் அடங்கும்.
புகைக்குழாய் நான் செய்தது:
செய்தித்தாளில் கூம்புகளை வரைந்து வெட்டி
தகரத்தில் ஒட்டி, வேலிக்கம்பத்தில் வைத்து வளைத்துப்
பற்றவைத்தேன்.
முட்டை விழுங்கிய பாம்பு மாதிரி
நடுவில் பெருத்து, வாலில் சிறுத்து.

பக்கத்து வீட்டு நெவெங்கா கேட்டாள்:
புகை வெளியே போக இத்தனை கணக்கா, மிலோய்கா?
புகைக்கு இல்லை, அதிர்வுக்கு.
வெடித்ததும் குழாய்க்குள் ஓடுகிறதே, அதற்கு.
கூம்பு விரியும் இடத்தில் கொஞ்சம் திரும்பிவந்து
எரிந்ததை எல்லாம் உறிஞ்சி இழுக்கும்;
இழுத்த வேகத்தில் எரியாத பெட்ரோலும் வாசல் தாண்டிவிடும்.
கூம்பு குறுகும் இடத்தில் மீதி முட்டித் திரும்பி
அதை உள்ளே தள்ள வேண்டும்,
பிஸ்டன் கதவைச் சாத்தும் முன்.
முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண்.
நெவெங்கா சொன்னாள்: எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான்,
கடை மூடின பிறகுதான் ரொட்டிக்குக் கிளம்புவார்.

ஓர் ஓட்டம், ஒரு வெட்டு.
கழுத்துக் குழாயில் ஐந்து மில்லிமீட்டர்.
வெட்டின வளையத்தை ஆணியில் மாட்டுவேன்.
பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன்: பால் விட்ட காப்பி நிறம்.
சரி, இன்னும் ஐந்து.

ஆறாவதில் நிறுத்தியிருக்கலாம்.
ஆறாவதில் சிரில் எதுவும் சொல்லவில்லை,
ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் சிரித்தது.
ஏழாவதை அவன் கேட்கவில்லை.
எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஒன்பதாயிரம் சுற்று வரை செத்த மாடு.
அதற்கு மேல் பேய்.
ஞாயிற்றுக்கிழமை மலைப்பந்தயம். கொண்டையூசி வளைவுகள் பதினொன்று.
அத்தனை வளைவிலும் மாடுதான் ஏறும்.

இராத்திரி ஆணியிலிருந்து ஏழாம் வளையத்தை எடுத்தேன்.
அளந்தால் ஐந்து. இடைவெளியோ ஆறு.
வாளின் பல் ஒரு மில்லிமீட்டர் தின்றிருக்கிறது,
அதை எந்த ஆணியிலும் மாட்டவில்லை நான்;
தரையில் தூளாகக் கிடந்தது,
கூட்டிப் பெருக்கியும் விட்டேன்.
வெளியே புர்யாக் காற்று தகரக் கதவை உதைக்க
பற்றவைப்புக் கம்பியை உருக்கி உருக்கி நிரப்பினேன்.
இரண்டு தையலும் அகன்று ஒன்றையொன்று தொட்டுவிட்டன.
இப்போது அந்த இடத்தில் தையலே குழாய்.

விடிந்தது. குளிர்க் காற்று கனமானது,
ஒரு அளவு பெரிய ஜெட் போட்டேன்.
சிரில் தையலைப் பார்த்தான், விரலால் தடவினான்,
அசிங்கமாக இருக்கிறது என்றான்.
உதைத்தான், போனான்.

கொக்குகள் எழுந்து அமர்ந்தன.
சத்தம் சாலையின் கடைசி வரை போய்
திரும்புகிற இடத்தில் ஒரு கணம் அறுந்தது.
கை சும்மா இருந்தது.
வாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.