ஒரே மூச்சில்

"ஒன்றிலிருந்து எண்ணுங்கள்,
நடுவில் மூச்சு வாங்காமல்."
இந்த மார்ச்சில் என் வைத்தியம் இவ்வளவுதான்.
இருபத்தைந்து தாண்டினால் வீட்டிலேயே இருக்கலாம்.
அதற்குக் கீழே என்றால் நாளைக்கு மறுபடி எண்ண வேண்டும்.
பத்துக்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ்,
அது ஒவியேதோவிலிருந்து மலையேறி வர வேண்டும்.

பத்தொன்பது வருடம்
அஸ்தூரியாஸின் இந்தப் பள்ளத்தாக்கில்
நெஞ்சுநெஞ்சாகக் காது வைத்தவள் நான்.
மூடிய நிலக்கரிச் சுரங்கம் இன்னும் திறந்திருப்பது
இவர்களுடைய நுரையீரலுக்குள்தான்.
கண்ணைக் கட்டிவிட்டு முதுகைக் காட்டினாலும் பெயர் சொல்வேன்:
காய்ந்த சருகில் நடப்பது செலெஸ்தினோ.
ஈரக் கயிற்றை இறுக்குவது பெலார்மினோ.
இப்போது ஸ்டெதாஸ்கோப் ஆணியில் தொங்குகிறது.
தொலைபேசியில் எல்லா முதுகும் ஒரே இரைச்சல்.

காலையில் ஒரு சுற்றறிக்கை,
மாலையில் அதைத் திருத்தி இன்னொன்று.
முகக்கவசம் பதினாலு.
அங்கி வரவேயில்லை; பாலாடைக்கட்டி ஆலைக்காரர்கள்
தங்கள் பிளாஸ்டிக் ஏப்ரன்களைக் கொடுத்தார்கள்.
அதை மாட்டிக்கொண்டு நான் தெருவில் போனால்
ஜன்னலில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி மூன்று,
வீடுகள் நூற்றுப்பத்து.
ரொட்டிக்கார ஷூசோதான் வழி சொன்னான்.
இங்கே விடியுமுன் கதவுப்பிடியில் துணிப்பை தொங்கும்,
அவன் ரொட்டியைப் போட்டுவிட்டுப் போவான்.
"உங்கள் சாமானையும் அதிலேயே போடுகிறேன், டாக்டர்."
மாலையில் எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து,
அடுத்த தெருவுக்கு.
தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று என்று
யாராவது வாசிக்கும்போது
பின்னால் ரொட்டியைப் பிய்ப்பது கேட்கும்.

பெலார்மினோவின் தெருவுக்கு அது வியாழக்கிழமை.
செவ்வாய்க்கிழமை எண்ணச் சொன்னேன்.
மூச்சுக்கு முந்நூறு தரம்
ஏழாம் நம்பர் குழியின் பெருமை பேசுகிற மனிதர்
ஒரே மூச்சில் இருபத்தெட்டு எண்ணினார்.
"பார்த்தீர்களா?" என்றார்.
சபாஷ் என்றேன்.
அவர் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி வைத்தேன்.

புதன் இரவு.
ரொட்டிப் பைக்குச் சில மணி நேரம் முன்னால்.

எத்தெல்வினா அம்மாள் பிறகுதான் சொன்னாள்:
பன்னிரண்டில் ரிசீவரைத் தோளில் அழுத்திக்கொண்டு
மூச்சு வாங்கினாராம்.
பத்தொன்பதில் இன்னொரு தரம்.
"மலையிறக்கிக் கொண்டுபோனால் திரும்ப மாட்டேன் என்றார்.
நான் பக்கத்தில்தான் இருந்தேன்.
பேசாதே என்று கண்ணால் சொன்னார்."

அந்த இரண்டு இடைவெளிகளும் என் காதில் விழுந்தனவா?
விழுந்துதான் இருக்க வேண்டும்.
அன்றைக்கு அது நாற்பத்தொன்றாவது அழைப்பு.
லைன் சரியில்லை என்று நினைத்திருப்பேன்.
முதுகில் காது வைத்திருந்தால்
ஈரக் கயிறு இழையிழையாக அறுவது
ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.
இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் கட்டம் சிறியது.
மருத்துவரின் காதைப் பற்றி அதில் கேள்வியில்லை.

அடக்கத்துக்கு மூன்று பேர் என்றது சட்டம்.
நான் நாலாவது ஆள். போகவில்லை.

சனிக்கிழமை எத்தெல்வினா அம்மாளை அழைத்தேன்.
காய்ச்சல் என்றாள்.
எண்ணச் சொன்னேன்.
ஒன்பதில் நின்றாள்.
மூச்சினால் நிற்கவில்லை,
அது எனக்குத் தெரிந்தது.
தெரிந்தது என்று இனி எப்படிச் சொல்வேன்?

ஆணியிலிருந்ததை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.
கடைசி முகக்கவசம்.
அவள் கதவுப்பிடியில்
இரண்டு பேருக்கான ரொட்டி பையிலேயே இருந்தது,
வியாழக்கிழமையுடையது, கல்லாகியிருந்தது.
அடியில் கருவி.

"அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள், அம்மா."
உலோகம் சில்லென்றிருந்தது.
உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினேன்,
தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம்.