இருபத்தேழாம் இரவின் எடை

பகல் முழுதும் துவாஸில்
கண்ணாடிக் கூண்டுக்குள் எனக்கு வேலை.
இரும்புக் கை ஒன்றை இறக்கி
ஊர்க் குப்பையை அள்ளி
உலைவாயில் போடுவேன்.
வாடை கூண்டுக்குள் வராது.
நோன்பு மாதத்தில் மட்டும்
வருவதுபோல் இருக்கும்.

பை கிழிந்தால் தெரிந்துவிடும்:
வாய் வைக்காத சம்சா,
மூடி திறக்காத கஞ்சி,
பேரீச்சங்கொட்டை அல்ல, பழமே.

எரிந்தது சாம்பலாகிப்
படகேறிச் செமாக்காவ் தீவுக்குப் போகும்.
கடலுக்குள் நாம் கட்டிய கபுருஸ்தான்.
அங்கும் இடம் தீர்ந்துகொண்டு வருகிறது.

மக்ரிபுக்குப் பின் பள்ளிவாசலில்
மீந்ததை எடை போடத் தொடங்கினேன்.
தேக்காவில் வாங்கிய
மீன்கடைத் தராசு.
முதல் இரவு நாற்பத்தொரு கிலோ.
தொழுகை நேரப் பலகையின் அடியில்
கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன்.

"வெளியாட்கள் பார்ப்பாங்களே" என்றார்
செயலாளர் நஜ்முத்தீன்.
மீசான் மறுமையில் மட்டும்தானா
என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
அவர் கையிலும் ஒரு குப்பைப் பை,
கைலி நனைய இழுத்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் இரவு இருபத்தாறு.
சமையற்கட்டில் ருக்கையா
பெரிய அகப்பையை ஒளித்துவைத்தாள்.
"பத்தலேன்னா திரும்ப வாங்க,
சட்டி எங்கயும் போயிடாது."
கூட்டித் துடைக்கும் ஷொஹெல், டாக்காக்காரன்,
எங்களிடம் கற்ற தமிழில்
எண்ணை உரக்கப் படிப்பான்.
பதினெட்டாம் இரவு "ஒம்பது!" என்றபோது
பின்வரிசையே சிரித்தது.

இருபத்தேழாம் இரவு
பெயர் சொல்லாத ஒரு புண்ணியவான்
நானூறு பொட்டலம் பிரியாணி இறக்கினார்.
ஐம்பத்து மூன்று கிலோ.
ஆயிரம் மாதங்களை மிஞ்சும் இரவில்
இதை எழுதுவதா என்று
பேனா மூடியைத் திறந்தபடி நின்றேன்.
எழுதினேன்.
யாரும் சிரிக்கவில்லை. ஷொஹெல் படிக்கவும் இல்லை.

இஷாவுக்கு ஒளுச் செய்யப் போனேன்.
ஆற்றோரம் நின்றாலும்
அளந்தே செலவழிக்கச் சொன்ன மார்க்கம்;
குழாயை நூலளவு திறந்து
சட்டைக் கையை மடிக்கும்போது
பையில் ஏதோ தடித்தது.
காகிதத்தில் சுற்றிய சம்சா.
என் பங்கு.
வாங்கி மறந்து, நசுங்கி,
என்னோடேயே தராசடியில் நின்றிருக்கிறது.

குழாயை மூடிவிட்டுத்
தட்டில் வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
அணுவுக்கும் அசையும் தராசு வேறிடத்தில் இருக்கிறது.

தின்றேன்.
ஆறிப்போயிருந்தது.
வெங்காயம் லேசாகப் புளித்திருந்தது.