கல்லின் சொந்தக்காரன்

மெர்செதெஸ் தாண்டி, இரண்டாம் எண் சாலையில்
தைலமரக் கட்டைகள் ஏற்றிய லாரி ஒன்று
என் அறுபத்தேழாம் வருடத்துப் பெஜோவின் மேல்
ஒரு கல்லைத் துப்பியது.
பின்சீட்டில் இருபது தட்டு முட்டை.
ஒன்றுகூட உடையவில்லை.
கண்ணாடிதான்.

துரத்தினேன்.
அந்தக் காரில் எதைத் துரத்துவது?
ஃபிரே பென்டோஸ் கூழ் ஆலை வாசலில்
லாரிகள் வரிசைகட்டி நின்றதால் பிடித்தேன்.
"கல் சாலையுடையது, சென்யோரா" என்றான்,
மாத்தே குழலிலிருந்து வாயை எடுக்காமலே.
"எறிந்தது உன் டயர்."
முட்டைக் கணக்கு நோட்டில்
லாரி எண்ணைக் குறித்துக்கொண்டேன்.
குறித்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரியாதென்று
அவனுக்குத் தெரிந்தது.

முதல் நாள் விரிசல் கட்டைவிரல் நீளம்.
காலையில் அதன் நுனியில்
நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பேன்.
மறுநாள் புள்ளியைத் தாண்டியிருக்கும்.
பனி விழுந்த இரவுகளில் நிறையவே.
எதிரே வரும் பேருந்து அந்தக் கோட்டில் இரண்டாக அறுபட்டு
மறுபடி ஒட்டிக்கொண்டு
ஒன்றும் நடக்காததுபோல் கடந்து போகும்.
பதினேழு சிவப்புப் புள்ளிகள்.
பாதி வாடிக்கையாளர்கள் அதை அலங்காரம் என்று நினைத்தார்கள்.

பதினெட்டாம் நாள் ஞாயிறு.
வாசலில் அதே லாரி, கட்டைகள் இல்லாமல்.
கம்பளியில் சுற்றிய ஒன்றை
கழற்றிய கதவைத் தூக்குவதுபோல்
பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு இறங்கினான்.
பைசாந்துவில், ஒரு காயலான் கடையில்,
கோழிகள் அடையும் 404 ஒன்றிலிருந்து கழற்றியதாம்.
எச்சம் இன்னும் ஓரத்தில் இருந்தது.
"கல் என்னுடையதில்லை" என்றான் முதலில்.
பிறகுதான் பெயர் சொன்னான்: வில்மார்.

பழைய ரப்பரைச் சமையல் கத்தியால் அறுத்தோம்.
நான் செருப்பைக் கழற்றி, சீட்டில் மல்லாந்து,
இரண்டு பாதங்களாலும் உந்தினேன்.
ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்,
அது அவன் கைகளில் போய் விழுந்தது.
கண்ணாடி இல்லாத கார்
பல்செட்டைக் கழற்றி வைத்த முகம்.
சட்டத்தில் துரு. தேய்த்தோம். மதியம் போயிற்று.

புது ரப்பரைக் கண்ணாடிக்கு மாட்டி,
அதன் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிப் பதித்து,
பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசினோம்.
கயிற்றின் இரண்டு முனைகளோடு உள்ளே நான்.
இரண்டு உள்ளங்கைகளோடு வெளியே அவன்.
ஒரு சாண் இழுத்தால் ரப்பரின் உதடு
ஒரு சாண் சட்டத்தின் மேல் ஏறும்.
இழு. நில். அழுத்து.
நாள் முழுக்க எங்களுக்குள் மூன்றே வினைச்சொற்கள்.

மூலையில் கயிறு அறுந்தது.
எல்லாவற்றையும் பிரித்தோம்.
இரண்டாம் முறை உதடு உள்பக்கம் மடிந்துகொண்டது.
மூன்றாம் முறைக்குத்
துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து வந்தேன்.

கண்ணாடியில் ஒட்டிய அவன் கை
வெளுத்துத் தட்டையாக, என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.
மோதிர விரல் பாதிதான்.
கட்டையா, சங்கிலியா, கேட்கவில்லை.
அவன் மூச்சு படிந்து, கலைந்து, படிந்தது.
அப்போது ஏதோ சொன்னான்.
வாய் அசைந்தது, குரல் வரவில்லை.
"என்ன?" என்றேன். என் குரலும் போகவில்லை.
மன்னிப்பாக இருந்திருக்கலாம்.
"மூலையைப் பார்" என்பதாகவும் இருந்திருக்கலாம்.
நான் மூலையைப் பார்த்தேன்.
பொளக்கென்று உட்கார்ந்தது.

குழாயைத் திறந்து மேலே பீய்ச்சினான்.
ஓட்டுநர் சீட்டில் காத்திருந்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு இடது முழங்காலில் ஒரு சொட்டு.
பழைய கண்ணாடியும் இதே இடத்தில்தான் ஒழுகும்,
நான் இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து.
தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தான்.
"இது என் கல்லால் இல்லை" என்றான்.
அப்படியானால் மற்றது?
அவனும் அதைக் கவனித்துவிட்டான்.
காது சிவந்தது.

போகும்போது ஒரு தட்டு முட்டை கொடுத்தேன்.
அதை மடியில் வைத்துக்கொண்டு
அவ்வளவு பெரிய லாரியை
நடக்கிற வேகத்தில் ஓட்டிப்போனான்.

இரவு நோட்டைத் திறந்து
லாரி எண்ணுக்கு நேரே 'ஒரு தட்டு' என்று எழுதினேன்.
வரவா, செலவா,
இன்னும் கோடு போடவில்லை.