கடைசி ஓட்டில் ஒன்று

ஓல்டன். கன்டோன் பள்ளி, இரண்டாம் மாடி, ஆயத்த அறை.
வியாழன், காலை ஏழே கால்.
பரபின் எண்ணெய்க்குள் கிடக்கிற சோடியத்தை
இடுக்கியால் தூக்கி வடிதாளில் ஒற்றுகிறேன்.
பனங்கட்டியில் கத்தி இறங்குவது போல என்று சொல்லலாம்,
இது அதைவிட இலகு.
வெட்டுமுகத்தில் ஒரு கணம் வெள்ளி.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தால்
சாம்பல்.

எட்டு மணிக்கு ஹுன்சிக்கர் பலகையில் வட்டம் போடுவார்.
உள்ளே இரண்டு, நடுவில் எட்டு, வெளியே ஒன்று.
"இந்த ஒன்றைக் கொடுத்துவிட ஆசைப்படுகிறது சோடியம்" என்பார்.
"வாங்க ஆசைப்படுகிறது குளோரின்."
ஒன்பது வருடமாக அதே ஆசை.
கலியாணத் தரகர் தோற்றார்.

எனக்கு அந்தச் சொல்லோடு பழைய பிணக்கு.
பேர்னில் ஓர் அறை. மேசையில் தண்ணீர்க் குவளை,
அதற்கு அப்பால் இருந்தவர்
மொழிபெயர்ப்பாளர் ஊடாகக் கேட்டார்:
எதை விரும்பி இங்கே வந்தீர்கள்?
விருப்பம் என்பதை நான் தேடிக்கொண்டிருக்கையிலேயே
தட்டச்சு ஓய்ந்துவிட்டது.
கையில் தந்த அட்டையில் ஒற்றை எழுத்து: N.

இரசாயனம் படித்தவள் நான். சிரிப்பு வந்துவிட்டது.
நைதரசன்.
இன்னொரு நைதரசனோடு மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு
வேறெதிலும் சேராமல்
காற்றில் முக்கால்வாசியாய் இருப்பது.
சொலோத்தூர்ன் முகாமில் இருபத்தாறு மாதம்
இரும்புக் கட்டிலும் நானும் அப்படித்தான் இருந்தோம்.

பிறகு F.
எட்டுக்கு ஒன்று குறைவு, கண்டதையெல்லாம் கடிக்கும்.
அந்த அட்டையோடு வீடு கேட்கப் போனால்
'தற்காலிகம்' என்ற சொல்லை வாசித்துவிட்டுத்
திருப்பித் தருவார்கள், புன்னகையோடு.
அந்த வருடங்களில் என்னோடு பேசியவர்களிடம்
மன்னிப்புக் கேட்க வேண்டும்.
B வந்தது. போரனை எங்களுக்கு
ஒழுங்காய்ப் படிப்பிக்கவே இல்லை.
C போன மார்ச்சில், தபாலில், மின்சாரக் கட்டணத்தோடு.

இன்று மூன்றாம் வரிசையில் வால்மீரா கையுயர்த்தினாள்.
தரவுப் புத்தகத்தில் விரல் வைத்திருந்தாள்.
"சோடியத்திலிருந்து இலத்திரனை உருவ
நானூற்றுத் தொண்ணூற்றாறு செலவு.
குளோரின் திருப்பித் தருவது முந்நூற்று நாற்பத்தொன்பது.
நட்டம்.
ஆசைப்பட்டுக் கொடுக்கிறவரிடம்
ஏன் இவ்வளவு பாடுபட்டுப் பிடுங்க வேண்டும்?"

ஹுன்சிக்கர் சோக்கைக் கீழே வைத்தார்.
விடை தெரியாதவரல்ல. அது அடுத்த வருடப் பாடம்,
மணியடிக்க நாலு நிமிடம்.

கழுவிக்கொண்டிருந்த தொட்டியை விட்டு
ஈரக் கையோடு வெளியே வந்தேன்.
இந்த வகுப்பில் நான் வாய் திறந்ததில்லை.
என் டொச்சில் பாதி இலக்கணம் உதிர்ந்தது.
ஆசை இல்லை, என்றேன். கொடுப்பதும் இல்லை.
உள்ளே இருக்கிற பத்தும் மறைத்து நிற்க
கருவின் பிடி அந்த ஒன்றுக்குத் தளர்கிறது, அவ்வளவுதான்.
தளர்ந்தாலும் பிடி பிடிதான், பிடுங்கச் செலவாகும்.
உலோகத்தைக் கலைக்கிற செலவு வேறு.
கணக்கை நேராக்குவது பிறகு வருவது:
இழந்ததைச் சுற்றி ஆறு, வாங்கியதைச் சுற்றி ஆறு,
எல்லாப் பக்கமும் அயலவர்.
அப்படி அடுக்கி நெருங்கும்போது
எழுநூற்று எண்பத்தேழு வெளியே வரும்.
கறியுப்பு.

யாரோ சிரித்தார்கள், உச்சரிப்புக்காக இருக்கலாம்.
வால்மீரா எழுதிக்கொண்டாள்.
ஹுன்சிக்கர் பலகையில் ஒரு சொல்லை மட்டும் அழித்தார்,
அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
வெறுமையாய் விட்டார்.

மாலை. ஏழு வீட்டுக் கட்டடம் எங்களுடையது.
சலவை அறைத் திறப்பு இன்று என் முறை.
கதவில் தாள் ஒட்டியிருந்தது, நாலு ஆச்சரியக்குறியோடு:
உலர்த்தியின் பஞ்சுவடியைத் துப்பரவாக்கவும்!!!!
கையெழுத்து கீழ்வீட்டு ரூத் பூரியுடையது.
வடியை இழுத்துப் பார்த்தேன்.
பஞ்சு அவளுடையதேதான், நீலம்.
துப்பரவாக்கினேன்.
பிறகு மேலே ஏறி, உலை வைத்து,
உப்பை விரல்நுனியால் எடுத்தேன்,
அளவு பார்க்காமல்.