மைக் டெஸ்டிங்

ஹலோ, மைக் டெஸ்டிங்.
ஒன்று, இரண்டு, மூன்று.
செங்காங் திடலிலிருந்து ஆறரை மணிக்கு
என் குரல் பதினெட்டாம் மாடிவரை ஏறி
யார் வீட்டுச் சன்னலிலோ பட்டுத் திரும்பியது.

"நாலுக்கு மேல எண்ணாதே" என்றார் மிஸ்டர் ஹோ.
"வெளிநாட்டுக்காரன் மேடையில பேசினா கேஸு."
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
ஷஃபிகுல் இன்னும் குனிந்து
ஒயருக்கு டேப் ஒட்டினான்.

ஊரில் மூன்று கட்சிக்கும் குழாய் கட்டியவன் நான்.
குழாய் கட்டுகிறவன் கொள்கை கேட்பதில்லை,
வாடகை பாக்கியைத்தான் கேட்பான்.
போன தேர்தலில் என் ஓட்டை
யாரோ புண்ணியவான் போட்டுவிட்டான் என்று
அமுதவல்லி போனில் சொன்னாள்.
அங்கே நான் இல்லாமலே என் ஓட்டு நடக்கிறது.

ஏழு மணிக்குத் திடல் நிறைந்தது.
குடை, விசில், ஈரப் புல்லில் அழுந்திய நாற்காலிக் கால்கள்.
ஆங்கிலம், சீனம், மலாய்.
பிறகு இரண்டு நிமிடம் தமிழ்.
"வணக்கம்" என்று ஒரு சீன வேட்பாளர்
தாளைப் பார்த்துப் படித்தபோது
கை தானாக எழுந்தது, தட்ட.
இறக்கி மிக்ஸர் மேல் வைத்துக்கொண்டேன்.

எட்டே முக்காலுக்கு வந்தவர் நல்ல பேச்சாளர்.
"ரயிலில் யார் நிற்கிறோம்?
யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?"
எங்களுக்கு லாரிதான். ஆனாலும்
கடைசியாக ரயிலில் எப்போது உட்கார்ந்தேன் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
"இந்த வெளிநாட்டவர்கள்..."
மைக் ஊளையிட்டது.
ஐயாயிரம் பேர் காதைப் பொத்திக்கொண்டு
திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இரண்டரை கிலோஹெர்ட்ஸ்.
எங்கே கூவுகிறது என்று இந்தக் காதுக்குத் தெரியும்.
அந்த ஒரு குமிழைக் கொஞ்சம் இறக்கினேன்.
அவர் குரலுக்குக் கொஞ்சம் கனம் ஏற்றினேன்.
மறுபடியும் சொன்னார்.
இந்த முறை ஒவ்வொரு எழுத்தும்
கடைசி வரிசைவரை சுத்தமாகப் போனது.
கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.
மிஸ்டர் ஹோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பத்து மணி. நாற்காலி அடுக்கும்போது
கழுத்தில் விசில் தொங்க ஒரு அங்கிள்
தானும் நாலைந்து அடுக்கித் தந்தார்.
"உன்னைச் சொல்லலை லா.
ஆபீஸ்ல இருக்காங்களே, அவங்களைத்தான்."
பார்லி பாக்கெட் ஒன்றை நீட்டினார்.
அந்த ஆபீஸ்காரன் யாரோ, அவனுக்காக
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
தாகம். உறிஞ்சுகுழல் வாயில் இருந்தது.

திரும்பும்போது மழை.
தார்ப்பாய் ஸ்பீக்கர்களுக்கு.
நாளை யீஷூன், இன்னொரு கட்சி, இதே பெட்டிகள்.
அவர்கள் எங்களைப் பற்றி நல்லதாகச் சொல்வார்களாம்,
நாம் செய்யாத வேலையைச் செய்கிறவர்கள் என்று.
அதுவும் தெளிவாகத்தான் கேட்கவேண்டும்.

விரைவுச்சாலையில் ஷஃபிகுல்
என் தோளில் சாய்ந்து தூக்கத்தில் எண்ணினான்:
எக், துய், தின், சார்.
அவன் மொழியில் நாலுக்குப் பெயர் சார்.
அதோடு நிறுத்திக்கொண்டான்.