சாய்ந்த எழுத்து

ஹமில்ட்டன், பார்ட்டன் வீதி.
நவம்பரிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை.
ஆறாம் மாடிக்கு என் அரிசி மூட்டையும்
ஒன்பதாம் மாடிக்கு ஸ்மாரண்டாவின் முழங்கால்களும்
படியால்தான் போகின்றன.

இடையில் மூச்சு வாங்க நிற்குமிடத்தில் சொன்னாள்:
ப்ரஷோவில் இருந்த காலம்
வருசா வருசம் தட்டச்சுப் பொறியைத் தூக்கிக்கொண்டு
பொலிசுக்குப் போகவேண்டும்,
பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டுபோவதுபோல.
ஒரு தாளில் எல்லா எழுத்தையும் அடித்துக் காட்டினால்
முத்திரை குத்தி அலமாரியில் வைப்பார்கள்.
கைரேகை மனிதருக்கு மட்டுமா?

அவள் அடித்தது ஒரே ஒரு வரி, நாற்பது தாளில்:
ரொட்டி எங்கே என்று கேட்பது குற்றமா?
பால்கடை வரிசையில், ட்ராமின் இருக்கையில்,
மகப்பேற்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில்
விட்டுவிட்டு வந்தாள்.

காட்டிக்கொடுத்தது
அடுத்த வீட்டுக்காரி இல்லை,
தோழி இல்லை.
ஓர் எழுத்து.
அந்தப் பொறியின் ரகரம் கொஞ்சம் இடப்பக்கம் சாயும்,
ஒரு கையில் வாளி தூக்கி நடப்பவளைப்போல.

கூட இருந்தவர்களின் பெயரைச் சொல் என்று
விடியும்வரை நிற்கவைத்துக் கேட்டார்கள்.
அகரவரிசையை ஒப்பித்தாள்,
முதலிலிருந்து கடைசிவரை, பிழையில்லாமல்.
எல்லாப் பெயரும் இதற்குள்தான் இருக்கிறது,
பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு விலை இரண்டு பல்,
பத்தொன்பது மாதம்.

என் அப்பா மே தினத்தில் செங்கொடி பிடித்தவர் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாதோ.
நல்ல நிறம்தான், என்றாள்,
போர்வைக்கு.

இப்போதும் ஒரு பொறி வைத்திருக்கிறாள்,
பழைய சாமான் கடையில் எட்டு டொலர்.
ஓ அடித்தால் தாள் துளைந்துவிடும்.
திருத்தலாம், எனக்குத் தெரிந்த கடை இருக்கிறது என்றேன்.
வேண்டாம்.
யார் அடித்தது என்று தெரியட்டும்.

மாநகரசபைக்கு மனு.
கீழே அவளுடைய பெயர் முழுசாக,
கதவிலக்கம், தொலைபேசி.
பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டாள்.
பெயர்ப் பட்டியல் என்றால் எனக்கு
வவுனியாவில், ஜீப்புக்குள் இருந்து
சாக்கு மூடிய ஒரு தலை
ஆம் என்று ஆடியதுதான் ஞாபகம்.
முதலெழுத்தை மட்டும் போட்டேன்.
அவள் ஒன்றும் கதைக்கவில்லை.
தாளை மடிக்கவுமில்லை.

அடுப்பில் முட்டைக்கோவா கொதித்தது.
ஜன்னலில் இரும்பாலைப் புகை.
அவள் எழும்பி, உப்புப் பார்த்து,
திரும்பி வந்து இருந்தாள்.
மிச்சத்தையும் எழுதினேன்:
ரதிமலர் குணநாயகம், 607.
கை சாய்ந்துவிட்டது.

மார்ச் வந்தும் லிஃப்ட் ஓடவில்லை.
நாலாவது கடிதம் இன்று போகிறது.
வெளிச்சத்தில் பிடித்தால்
பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள்.