பதினான்கு டன்

பிஷ்கெக்கிலிருந்து பதினோரு மணி நேரம்.
கடைசிக் கணவாயில் ஓட்டுநர் இறங்கி
சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினான்.
அக்-குதுக் ஊராட்சியின் ஐந்து வருடக் கணக்கை
யாருக்கும் வேண்டியவளாக இல்லாமல்
பார்த்துவிட்டு வர வேண்டும்.
ஒப்பந்தத்தில் அதற்குச் 'சுயேச்சையான' என்று ஒரு சொல்.

அலுவலகத்தில் குழாய் உறைந்துவிட்டது என்று
பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள்.
மூன்றாம் வகுப்பு மேசை. முழங்கால் இடித்தது.
கணக்கர் புருல்கான் கோப்புகளை
நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.
ஒன்றிலும் தூசியில்லை;
முந்தின இரவுதான் துடைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் டீசல்.
பனி தள்ளும் டிராக்டர் ஜூலையில்
நானூறு லிட்டர் குடித்திருந்தது.
"வைக்கோல் ஏற்றினோம்" என்றார் தலைவர் அசனாலி.
யாருடைய வைக்கோல் என்று கேட்டதற்கு
தேநீர் வந்தது.

இரண்டாம் நாள் நிலக்கரி.
முதியோர் உதவி, வீட்டுக்கு ஒரு டன்,
ஐம்பத்திரண்டு பேர், ஐம்பத்திரண்டு கையெழுத்து.
பதினான்கில் மட்டும் கடைசி எழுத்தின் வால்
ஒரே பக்கம் சுருண்டிருந்தது.

மதியம் ரொட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
இடுகாட்டுக்கு நடந்தேன்.
கருங்கல்லில் செதுக்கிய முகங்கள்.
பட்டியலைப் பிரித்துப் பேர் வாசித்தேன்.
ஷர்ஷென்பெக்: இருக்கிறார்.
துர்துகுல்: இருக்கிறார்.
காலிய்பா: பனியைக் கையால் துடைத்தேன், இருக்கிறார்.
பதினான்கு பேரும் ஆஜர்.

இந்த ஊரில் யாரையும் எரிப்பதில்லை.
புதைத்தவர்கள் பேரில் எரிந்துகொண்டிருந்தது.

எங்கே என்று கேட்டேன்.
புருல்கான் பேசவில்லை.
என் முதுகுக்குப் பின்னால் போய்
இரும்பு அடுப்பின் கதவைத் திறந்து
இன்னொரு வாளி கொட்டினாள்.

"மாவட்டம் கொடுப்பது டிசம்பர் பத்து வரைக்கும் காணும்.
மனு போட்டோம்.
பதில் ஏப்ரலில் வந்தது."

இரண்டு நாளாக நான் கையுறை இல்லாமல் எழுதியது
ஷர்ஷென்பெக்கின் சூட்டில்.

அங்கேயே நிறுத்தியிருந்தால்
ஊருக்கு ஒரு நல்ல கதை மிஞ்சியிருக்கும்.
ஆனால் மூன்றாம் நாள் வாளிகளை எண்ணினேன்.
நாளுக்கு ஐந்து, வாளிக்குப் பன்னிரண்டு கிலோ,
விடுமுறை கழித்து மார்ச் வரைக்கும்.
இழுத்துப் பிடித்தாலும் ஆறு டன்.
மீதி எட்டுப் பேர்?

புருல்கான் ஜன்னலைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
தலைவரின் தம்பி கட்டிய குளியல் விடுதி,
தலைக்கு இருநூறு சோம்,
ஓயாத புகைபோக்கி.

இரவில் அறிக்கை.
எட்டுக்குக் 'கையாடல்' என்று எழுத
பேனா தயங்கவில்லை.
ஆறுக்கு 'நோக்கம் மாறிய செலவு' என்று எழுதி,
அடித்து,
வேறு சொல் கிடைக்காமல் மறுபடி அதையே எழுதினேன்.
கையெழுத்திட்டவர் யார் என்ற கட்டத்தில்
இரண்டுக்கும் ஒரே பேர்தான் வந்தது.
அது அசனாலியின் பேர் இல்லை.
பள்ளிக்கு ஒதுக்கிய தொகை போதாது என்பது
கடைசிப் பக்க அடிக்குறிப்பாக இருந்தது.
அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?
வெட்டி முதல் பக்கத்தில் வைத்தேன்.

மிச்சம் ஒரு படிவம்,
ஒவ்வொரு ஊரிலும் 'இல்லை' என்று நிரப்பி
மடித்து வைக்கிற படிவம்:
தணிக்கைக்கு உட்பட்டவர்களிடமிருந்து
ஏதேனும் பெற்றீர்களா?

ஆம்.
வெப்பம், மூன்று நாள்.
நூற்றெண்பது கிலோ.
வழங்கியவர் முகவரி என்ற இடத்தில்
வரிசை நான்கு, வேலியோரம் என்று எழுதினேன்.